பாப்பாவுக்கு அத்தை எழுதுவது

பூம்பாறை,
கார்த்திகை மாதம்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று ராத்திரி பாதிப் பேச்சில் டவர் போய்விட்டது. அதற்கப்புறம் நீ அழுதாயா, தூங்கினாயா என்று தெரியாமல் விடிய விடியப் புரண்டுகொண்டிருந்தேன். இன்றைக்குத் திரும்பக் கூப்பிடலாம்தான். ஆனால் போனில் நான் எதைச் சொன்னாலும் "சரி அத்தை, சரி அத்தை" என்று சொல்லி வைத்துவிடுவாய். கடிதம் என்றால் பெட்டிக்குள் வைத்து ரெண்டாம் தடவையும் படிப்பாய். அதனால்தான் மாமாவிடம் பேனாவை வாங்கி உட்கார்ந்துவிட்டேன்.

கிராமத்தில் போய்த் தங்கும் முகாமுக்குப் பேர் கொடுத்தாகிவிட்டது, உன் குழுவில் ரெண்டு பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்ப்பதில்லை, அதில் ஒருத்தி உன் அறையிலேயே இருப்பவள், நடுவில் நீ மாட்டிக்கொண்டிருக்கிறாய். இதுவரைக்கும் எனக்குப் புரிந்தது. "எனக்கு நாலு பேரிடம் பேசிப் பழக வராது அத்தை, என் சுபாவமே அப்படி, உடம்பு சரியில்லை என்று அப்பாவை எழுதித் தரச் சொல்லிவிடட்டுமா?" என்றாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எழுதித் தரச் சொல்லாதே. உங்கப்பன் உன் மேல் உள்ள பிரியத்தில் எழுதியும் கொடுத்துவிடுவான். அதனால்தான் அவனுக்கு முன்னால் நான் முந்திக்கொள்கிறேன்.

சுபாவம் என்று நீ சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நீ பிறந்தது 2006, குறிஞ்சி பூத்த வருஷம். நாலு வயசில் நீ குதிரைக்காரர்களை வழிமறித்து, மூட்டையில் என்ன இருக்கிறது, யார் வீட்டுக்குப் போகிறது என்று கேட்டுவிட்டுத்தான் அனுப்புவாய். அந்தப் பிள்ளைக்கா பேச வராது? பத்தாம் வகுப்புக்கு மேல் எல்லோரும் உன்னைப் "படிக்கிற பிள்ளை, தொந்தரவு பண்ணாதீங்க" என்று ஒரு அறைக்குள் உட்கார்த்திவைத்தோம். ஒரு வேலை சொல்லவில்லை, ஒரு விசேஷத்துக்குக் கூட்டிப் போகவில்லை. புழக்கம் விட்டுப்போனதைத்தான் நீ சுபாவம் என்கிறாய். புழக்கம் விட்டுப்போனதைத் திரும்பக் கொண்டுவரலாம், பாப்பா.

நேற்று முழுக்க நம் வீட்டுத் திண்ணையில் விதைப்பூண்டு பல் உடைத்தோம். இது ரெண்டாம் போகம் இல்லையா, வைகாசியில் ஊன்றியது போக இப்போது கார்த்திகையில் ஊன்றுவது. பனி இறங்குவதற்குள் ஊன்றி முடிக்க வேண்டும் என்று எல்லாக் காட்டிலும் ஒரே நேரத்தில் அவசரம். கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை. வழக்கம்போல மாற்றாள்தான். நேற்று நமக்கு வந்தவர்கள் காட்டுக்கு இந்த வாரம் முழுக்க நான் போக வேண்டும். யார் யாருக்கு எத்தனை நாள் என்று எந்த நோட்டிலும் எழுதுவதில்லை. ஆனாலும் ஒரு நாள்கூடத் தவறாது. காய்ச்சல் என்றால் தனக்குப் பதில் மகளையோ நாத்தனாரையோ அனுப்பிவிடுவார்கள். வருகிறவர்களும் காட்டுக்காரி சொல்லட்டும் என்று காத்திருக்க மாட்டார்கள். எங்கே ஆள் குறைகிறதோ அங்கே போய் உட்கார்ந்துகொள்வார்கள். காட்டுக்காரிக்கும் ஒரு முறை இருக்கிறது. அன்றைக்கு அவள் யாரையும் அதட்டக்கூடாது, வந்தவர்களுக்குப் பரிமாறிவிட்டுக் கடைசியில்தான் சாப்பிட வேண்டும்.

நேற்று அங்கே நடந்த ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டும். எதிர்வீட்டுக்கு ஆவணியில் மருமகளாக வந்த பெண் ஒருத்தி. கீழ்நாட்டுப் பெண், குளிர் தாங்காமல் ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தாள். வந்ததிலிருந்து வாயைத் திறக்கவில்லை. யாராவது ஏதாவது கேட்டால் சிரிப்பாள், குனிந்துகொள்வாள். நம் பெரியம்மா அவளைப் "பேசு, பேசு" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. உடைத்த பல்லெல்லாம் வந்து சேருகிற முறத்தைத் தூக்கி அவள் மடியில் வைத்துவிட்டார். பெரிய பல் விதைக்கு, பொடிப் பல் குழம்புக்கு, நசுங்கினதும் பூஞ்சை பிடித்ததும் தள்ளுபடி. அவளுக்குத் தரம் தெரியாது, கேட்டுத்தானே ஆக வேண்டும்? "இது விதைக்கு ஆகுமாக்கா?" என்று முதலில் பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள். பிறகு எதிரில் இருந்தவளிடம் கேட்டாள். மத்தியானத்துக்குள் திண்ணையில் அவளிடம் பேசாத ஆள் இல்லை. சாயங்காலம் விரல் நுனியெல்லாம் எரிகிறது என்று அவளே எல்லோருக்கும் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தாள்.

உனக்கு நான் சொல்ல வருவதும் இதுதான். பேசிப் பழகிவிட்டு அப்புறம் சேர்ந்து வேலை செய்யலாம் என்று காத்திருக்காதே. வேலையில் போய் உட்கார், பேச்சு தானாக வரும். நாலு பேர் நடுவில் என்ன பேசுவது என்று முழிக்கிறாய் அல்லவா? நாலு பேரும் தொட்டுப் போகிற ஒரு வேலையைக் கையில் எடு. உன் குழுவில் சாமான் கணக்கு யாரிடம்? யாரிடமும் இல்லை என்றால் நீ வாங்கிக்கொள். "உனக்குக் காலையில் டீயா, பாலா?", "உன் பெட்ஷீட் கனமா, ஒன்று கூடுதலாக எடுக்கட்டுமா?" என்று ஒவ்வொருத்தியிடமும் போய்க் கேட்க வேண்டியிருக்கும். ஒருத்தி பதில் சொன்னதும் ஓடிவந்துவிடாதே. அவள் சொன்னதிலிருந்தே இன்னொரு கேள்வி கேள். பால் பிடிக்காது என்றால் ஏன் பிடிக்காது என்று கேட்கலாம், அதில் ஒரு கதை இருக்கும்.

நீ படிக்கிற இடம் எப்படி வந்தது என்று யோசித்திருக்கிறாயா? 1947இல் சௌந்தரம் அம்மாவும் ஜி. ராமச்சந்திரனும் சின்னாளபட்டிப் பக்கம் வந்து காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். அந்த அம்மா டி.வி.எஸ். குடும்பத்துப் பெண், டாக்டருக்குப் படித்தவர். மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி கட்டிக்கொண்டு சௌகரியமாக இருந்திருக்கலாம். கிராமத்துக்கு வந்து உட்கார்ந்தார். 1937இல் வார்தாவில் காந்தி பேசிய ஆதாரக் கல்விதான் அவர்களுக்கு வழி. கைத்தொழிலோடு சேர்ந்துதான் படிப்பு, கூட்டாக வேலை செய்துதான் வளர வேண்டும் என்பது அதன் சாரம். உங்களைக் கட்டாயமாகக் கிராமத்தில் தங்க அனுப்புவதும் அந்த வழியில் வந்ததுதான். மார்க் போடுவதற்காக வைத்த ஒன்று என்று நினைத்துக்கொண்டு போனால் அந்த நாட்கள் வீண். முப்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவள் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனம் வாழ்க்கைத் திறன்கள் என்று பத்தை வகுத்தது, அதை எங்களுக்குப் பயிற்சியிலும் சொல்லிக்கொடுத்தார்கள். பிறர் நிலையில் நின்று பார்ப்பது, மனதில் உள்ளதை எடுத்துச் சொல்வது, கோபத்தை அடக்கி ஆள்வது, இப்படி. நல்ல பட்டியல்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதைச் சார்ட்டில் எழுதி மாட்டியதால் எந்தப் பிள்ளையும் கற்றுக்கொண்டதை நான் பார்க்கவில்லை. சத்துணவு வரிசையில் சின்னப் பிள்ளைகளுக்குத் தட்டு எடுத்துக்கொடுக்கும் பொறுப்பைக் கொடுத்தபோது கற்றுக்கொண்டார்கள்.

இப்போது அந்த ரெண்டு பெண்களின் சண்டைக்கு வருகிறேன். ரெண்டு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சமாதானம் பேசப் போகிறேன் என்றாயே, வேண்டாம். 1954இல் அமெரிக்காவில் ஓக்லஹோமாவில் முசாஃபர் ஷெரீஃப் என்ற மனவியல் அறிஞர் ஒரு சோதனை செய்தார். பதினோரு வயசுப் பையன்கள் 22 பேரை ஒரு கோடை முகாமுக்குக் கூட்டிப் போய் ரெண்டு அணியாகப் பிரித்து, கயிறு இழுப்பு, பேஸ்பால் என்று போட்டி வைத்தார்கள். கொஞ்ச நாளிலேயே ஒரு அணி மற்ற அணியின் கொடியைக் கொளுத்தியது, அவர்கள் அறைக்குள் புகுந்து கலைத்தது. சரி, ஒன்றாக உட்காரவைத்துச் சாப்பாடு போட்டால் சேர்ந்துவிடுவார்கள் என்று பார்த்தால், சாப்பாட்டை எடுத்து ஒருவர் மேல் ஒருவர் வீசிக்கொண்டார்கள். அப்புறம் முகாமுக்குத் தண்ணீர் வருவது நின்றுபோகிற மாதிரி ஏற்பாடு செய்தார்கள். எங்கே அடைப்பு என்று ரெண்டு அணியும் சேர்ந்து தேட வேண்டியதாயிற்று. சாப்பாடு வாங்கிவர வேண்டிய லாரி கிளம்பாமல் நின்றது. போட்டிக்கு இழுத்த அதே கயிற்றைக் கட்டி எல்லாரும் சேர்ந்து இழுத்தார்கள். இப்படியே பகை கரைந்து, ஊருக்குத் திரும்பும்போது ஒரே பஸ்ஸில் போனார்கள். ஒரு அணி தான் ஜெயித்து வைத்திருந்த ஐந்து டாலரில் எல்லாருக்கும் குடிக்க வாங்கிக் கொடுத்ததாம். பிள்ளைகளைப் பெரியவர்களே மூட்டிவிட்டார்கள் என்று அந்தச் சோதனையைப் பின்னால் குறை சொன்னவர்கள் உண்டு, எனக்கும் அந்தப் பகுதி பிடிக்கவில்லை. ஆனால் தண்ணீர் விஷயத்தை மட்டும் நம் ஊரில் வாழ்கிற யாரும் நம்புவார்கள். குழாய் உடைந்த அன்றைக்குத்தானே நம் தெருவில் பேசாத வீடுகள் பேசுகின்றன.

அதனால் நீ செய்ய வேண்டியது, அந்த ரெண்டு பேரும் சேர்ந்தால்தான் முடியும் என்கிற ஒரு வேலையைக் கண்டுபிடிப்பது. தெருவில் கோலப்பொடியால் ஊர் வரைபடம் போடச் சொல்வார்கள் அல்லவா? அதில் ஒருத்தி வீடு வீடாகக் கேட்டுச் சொல்ல வேண்டும், ஒருத்தி கோடு போட வேண்டும். கேட்கிறவள் தப்பாகச் சொன்னால் போடுகிறவளின் கோடு தப்பு. அதை அவர்கள் ரெண்டு பேருக்கும் கொடுங்கள் என்று குழுத் தலைவியிடம் மெதுவாகச் சொல்லிவை. பழைய சண்டையைப் பற்றி நீ வாயைத் திறக்காதே. ஒருத்தி மற்றவளைப் பற்றி உன்னிடம் வந்து சொன்னால் காதோடு கேட்டுக்கொள், அங்கே கொண்டுபோய்ச் சேர்க்காதே. வாட்ஸ்ஆப் குழுவில் மட்டும் எந்த வருத்தத்தையும் எழுதாதே. எழுத்தில் குரல் இருக்காது, படிக்கிறவர்கள் தங்கள் கோபத்தைப் போட்டுப் படிப்பார்கள். நேரில் போய் நின்று சொல். மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தால் "மன்னிச்சுக்கோ, ஆனா நீயும்..." என்று ஆரம்பிக்காதே. அந்த "ஆனா" வந்ததும் கேட்டது போச்சு.

நிறையப் பேச வேண்டும் என்று நான் சொல்லவில்லை, பாப்பா. வெள்ளகவியை நினைத்துப் பார். கொடைக்கானல் ஊரே உருவாவதற்கு முன்னாலிருந்து இருக்கிற கிராமம், சாலைக்காக எத்தனையோ வருஷம் மனு கொடுத்த கிராமம். யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் டோலி கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு காட்டுப் பாதையில் வர வேண்டியிருந்தது. டோலி தூக்குகிற பையன்கள் வழிநெடுகக் கதை பேச மாட்டார்கள். முன்னால் போகிறவன் "பள்ளம்", "வேர்", "வழுக்கு" என்று சொல்லிக்கொண்டே போவான், பின்னால் வருகிறவனுக்குக் கால் வைக்கிற இடம் தெரியாது என்பதால். தோள் வலித்தவன் வீம்புக்குத் தாங்கக்கூடாது, "மாத்து" என்று உடனே சொல்லிவிட வேண்டும். அவன் சொல்லாமல் தடுமாறினால் கீழே விழுவது நோயாளி. முகாமில் உனக்கும் அவ்வளவு பேச்சு போதும். எது நடக்கிறது என்று பின்னால் வருகிறவர்களுக்குச் சொல். உனக்கு முடியவில்லை என்றால் வாய்விட்டுக் கேள். நீ ரெண்டாவதைச் செய்யவே மாட்டாய், எனக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு எல்லா வேலையையும் நீயே இழுத்துப் போட்டுச் செய்துவிட்டு, ராத்திரி எனக்குப் போன் போட்டு அழுவாய்.

சேர்ந்து போவது என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது என்று நினைத்துக்கொள்ளாதே. மஞ்சும்மல் பாய்ஸ் படம் பார்த்துவிட்டு நீ எவ்வளவு அழுதாய். 2006இல் குணா குகையில் விழுந்த நண்பனுக்காகக் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினாரே சிஜு டேவிட், அவருக்கு ஜீவன் ரக்ஷா பதக்கம் கிடைத்தது நியாயம். மேலே நின்று இழுத்தவர்களுக்கும் கும்பிடு போடுவேன். ஆனால் மலையில் இருக்கிற எனக்கு, அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு இங்கே வருகிற பிள்ளைகளை நினைத்தால்தான் வயிறு கலங்குகிறது. கூட்டமாக வந்தால் தடுப்பைத் தாண்டத் தோன்றுகிறது. அந்த நேரத்தில் "வேண்டாம், திரும்பிப் போவோம்" என்று சொல்கிறவள் பயந்தாங்கொள்ளி இல்லை. அந்தக் கூட்டத்திலேயே மற்றவர்களுக்கு நல்லது செய்கிறவள் அவள்தான். உன் குழுவில் யாராவது ராத்திரியில் கிணற்றுப் பக்கம் போகலாம், தெரியாத பைக்கில் ஏறலாம் என்றால், சிரித்துக்கொண்டே சொன்னாலும் சரி, முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னாலும் சரி, வேண்டாம் என்று சொல். காரணம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அங்கே யாராவது உன்னையோ மற்ற பிள்ளைகளையோ கேலி என்ற பேரில் நோகடித்தால், அனுசரித்துப் போ என்று இந்த அத்தை சொல்ல மாட்டாள். ராகிங்குக்கு எதிராக நாட்டிலேயே முதலில் சட்டம் போட்டது நம் மாநிலம், 1997இல். ஒரு பிள்ளை உயிரைப் பறிகொடுத்த பிறகு வந்த சட்டம் அது. அன்றைக்கே ஆசிரியரிடம் சொல், எனக்கும் சொல்.

இன்னொன்று. கிராமத்தில் திண்ணையில் உட்கார்ந்ததும் யாராவது ஒரு பாட்டி, "நீங்க என்ன ஆளுக கண்ணு?" என்று கேட்பார். நிச்சயமாகக் கேட்பார். பதறாதே, பாட்டியிடம் சண்டைக்கும் போகாதே. "நாங்க காந்திகிராமத்துல படிக்கிற பிள்ளைங்க பாட்டி, எல்லாரும் ஒண்ணாத்தான் வந்திருக்கோம்" என்று சொல்லிவிட்டு, அவர் தோட்டத்தில் என்ன போட்டிருக்கிறார் என்று கேள். உங்களில் ஒருத்தியை மட்டும் வாசலிலேயே நிறுத்தித் தண்ணீர் கொடுத்தால், அன்றைக்கு யாரும் உள்ளே போகாதீர்கள். எல்லோரும் வாசலிலேயே உட்கார்ந்து குடியுங்கள். இதை மட்டும் போவதற்கு முன்னாலேயே உங்கள் குழுவில் இருக்கிற ஏழு பேரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அந்த இடத்தில் நின்றுகொண்டு யோசித்தால் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பீர்கள், அதற்குள் அந்தப் பெண்ணுக்கு மனசு உடைந்துவிடும். இந்தப் பேச்சை யார் ஆரம்பிப்பது என்று கேட்காதே. நீதான் ஆரம்பிக்க வேண்டும்.

முகாமுக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதுவரைக்கும் ஹாஸ்டலிலேயே பழகிப் பார். மெஸ்ஸில் சாதம் போடுகிற அக்காவின் பேர் தெரியுமா உனக்கு? போன தடவை கேட்டேன், முழித்தாய். கேட்டுத் தெரிந்துகொண்டு பேர் சொல்லிக் கூப்பிடு. இரவல் வாங்கின வாளியைக் கழுவித் திருப்பிக் கொடு. ஒருத்தி பேசும்போது போனைக் கவிழ்த்து வை, அவள் முடிக்கிறவரை குறுக்கே போகாதே. முதலில் செயற்கையாகத்தான் இருக்கும். நீ முதன்முதலில் பூண்டு ஊன்றியபோது பாதிப் பல்லைத் தலைகீழாக வைத்துவிட்டு, ஒவ்வொன்றாகத் தோண்டித் திருப்பி வைத்தாயே, அதுமாதிரி கொஞ்ச நாள் தோண்டித் திருப்பி வைக்க வேண்டியிருக்கும். அப்புறம் கை தானாகப் போகும்.

வீட்டுச் செய்தி. மாமாவுக்கு முழங்கால் வலி குளிருக்கு அதிகமாகியிருக்கிறது, ஆனாலும் கேட்காமல் காட்டுக்குப் போகிறார். போன போகத்துப் பூண்டு வடுகபட்டிச் சந்தையில் சுமாரான விலைக்குத்தான் போனது. உங்கப்பா போன வாரம் வந்து ரெண்டு நாள் தங்கினான். உன்னை நினைத்துக் கவலைப்படுகிறான், வெளியே காட்டிக்கொள்ள மாட்டான். சோலைப் பக்கம் காட்டுமாடு இறங்குகிறது என்று ராத்திரியில் யாரும் வெளியே போவதில்லை. மற்றபடி எல்லாம் நீ விட்டுப்போன மாதிரியே இருக்கிறது.

வியாழக்கிழமை கொடைக்கானல் போகிறேன். வத்தலக்குண்டு வழியாகத் திண்டுக்கல் போகிற பஸ்ஸில் உனக்கு ஒரு பை கொடுத்து அனுப்புகிறேன், சாயங்காலம் திண்டுக்கல் பஸ் நிலையத்தில் வாங்கிக்கொள். பூண்டு ஊறுகாய், கேரட், ரெண்டு ஸ்வெட்டர் இருக்கும். ஸ்வெட்டரில் ஒன்று உனக்கு, ஒன்று உன் அறைப் பெண்ணுக்கு. ஊறுகாயைப் பெரிய பாட்டிலாகவே போட்டிருக்கிறேன். தனியாகச் சாப்பிடாதே, முகாமுக்கு எடுத்துக்கொண்டு போ, ஏழு பேருக்கும் காணும். பையை வாங்கத் திண்டுக்கல்லுக்குத் தனியாகப் போக வேண்டாம். அந்தப் பேசாத ரெண்டு பேரில் உன் அறையில் இல்லாதவளைத் துணைக்குக் கூப்பிடு. வருகிறாளா இல்லையா என்று ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் பண்ணிச் சொல்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அத்தை